வீட்டில் செய்த இணையப் பக்கம் கோணலாவது ஏன்?

ஓ.எல். வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது நடக்கிற காரியம்தான். பாடப் புத்தகத்தைப் பார்த்து, நோட்பாடில் எச்.ரி.எம்.எல். வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பிள்ளை சின்னதாக ஓர் இணையப் பக்கம் செய்கிறது. உம்மா வீட்டில் தைத்துக் கொடுக்கும் அபாயாக்களின் படமும் விலையும் அதில் இருக்கும். அல்லது குடும்பத்துப் பழைய கதை இருக்கும். வீட்டுக் கணினியில் திறந்தால் அச்சடித்த மாதிரி அழகு. வாப்பாவின் கைத்தொலைபேசியில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு. கனடாவில் இருக்கும் சாச்சிக்கு அனுப்பினாலோ, "என்ன மகள் இது, ஒரு எழுத்தும் விளங்கவில்லையே" என்று பதில் வருகிறது.

பிள்ளை சோர்ந்து போய், "எனக்கு இது சரிவராது" என்று எழும்பிவிடுகிறது. இதெல்லாம் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் என்று பெரியவர்களும் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள் சகோதரிகளே. புதிதாகப் பக்கம் செய்கிறவர்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பங்கு ஒரே வேரிலிருந்து வருகிறது. அந்த வேர் விளங்கிவிட்டால் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த பிள்ளையும் சரிசெய்துவிடும்.

இணையப் பக்கத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு உண்டு. உள்ளே இருப்பது எழுத்துகள், அவற்றின் வரிசை, எது தலைப்பு எது பந்தி என்கிற விபரம். வெளியே தெரிவது தோற்றம். அந்தத் தோற்றத்தை ஒவ்வொரு திரையும் தன்தன் அகலத்துக்கும் வசதிக்கும் ஏற்றபடி புதிதாகக் கட்டிக்கொள்கிறது. காகிதத்தில் அச்சான பக்கம் யார் கைக்குப் போனாலும் அதே பக்கம்தான். இணையப் பக்கம் அப்படியில்லை. ஆகவே, நம் திரையில் அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காக உள்ளே இருப்பதை வளைத்துவிட்டால், அடுத்தவர் திரையில் அந்த வளைவு மட்டும்தான் மிஞ்சும்.

சோனகத் தெருவின் கதை எழுதிய பிள்ளை

இதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீட்டுச் சாமான்களோடு குடும்பப் படங்களும் பதிவுகளும் இங்கேயே கிடந்து போயின. புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, சோனகத் தெரு என்பது மூத்தவர்கள் சொல்லக் கேட்ட கதை. திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, தன் உம்மும்மாவிடம் கேட்டுக் கேட்டு, எந்த ஒழுங்கையில் யார் வீடு இருந்தது, எந்தச் சந்தியில் யார் கடை வைத்திருந்தார், யாருக்கு யார் சம்பந்தம் என்றெல்லாம் எழுதினாள். உம்மும்மா மௌத்தானால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லாத விபரங்கள் அவை. தட்டச்சுக் கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றி, இணையப் பக்கமாகவும் ஆக்கினாள்.

லண்டனில் இருந்த சொந்தக்காரர் திறந்தார். "உம்மா" என்று இருக்கவேண்டிய இடத்தில், சி, கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கிலக் குறிகள் வரிசையாக நின்றன. பக்கம் முழுவதும் அப்படியே.

காரணம் பாமினி எழுத்துரு. நம் நாட்டில் கலியாண அழைப்பிதழ், மீலாத் விழா மலர், பள்ளிவாசல் கணக்கறிக்கை என்று பாமினியில் ஆகாத வேலை இல்லை. ஆனால் பாமினியில் தட்டும்போது கணினிக்குள் பதிவது தமிழ் இல்லை, ஆங்கிலக் குறிகள்தான். ஆங்கில "சி" என்ற இடத்தில் "உ" என்ற படத்தை அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. பாமினி இல்லாத கணினியில் அந்தப் படங்கள் கிடையாது. ஆகவே உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிடுகிறது. அச்சகத்துக்கு இது பிரச்சினை இல்லை, காகிதத்தில் படம் பதிந்தால் போதும். இணையத்துக்கு ஆகாது.

அந்தக் காலத்தில் இதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியவர்களின் உழைப்பால், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட தளம் 1995 ஒக்டோபரில் வெளியானது. இணையத்தில் தமிழ் எழுத்து ஏறிய முதல் இடங்களில் அதுவும் ஒன்று. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு முறை. வாசிக்கிறவர் முதலில் அந்தந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். சிதறிக் கிடந்த முறைகளை ஒன்றாக்கவே 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூட்டி, பொதுக் குறியீடும் விசைப்பலகையும் வகுத்தார்கள். யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. என்றாலும் சாதாரணக் கணினிகளில் அது பழக்கத்துக்கு வர, விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது.

யூனிகோடில் "உ" என்றால் உள்ளேயும் "உ"தான். எந்த நாட்டுத் தொலைபேசியும் அதைத் தமிழாகவே காட்டும். தேடினால் அகப்படும். பார்வை குறைந்தவர்களுக்குத் தொலைபேசியே உரக்க வாசித்தும் காட்டும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது அல்லவா? பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு "க"வைத் தட்டுவார்கள். கையால் எழுதும் வரிசை அது. யூனிகோடில் முதலில் "க", பிறகு கொம்பு, அதாவது வாயால் உச்சரிக்கும் வரிசை. கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது திரையின் வேலை. உள்ளே ஒழுங்கு, வெளியே தோற்றம் என்று சொன்னேனே, ஒரே ஓர் எழுத்துக்குள்ளும் அது இருக்கிறது.

அந்த மாணவியின் வேலை வீணாகிப் போகவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்தை அப்படியே ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் கருவி தமிழாக்கிவிடும். "ஆண்ட்" என்ற ஆங்கிலச் சொல் "யனெ" என்று வந்து நிற்கும்! மின்னஞ்சல் முகவரியும் இப்படித்தான் சிதையும். ஆகவே மாற்றியபின் ஒரு தடவை வரிவரியாக வாசித்தே தீரவேண்டும்.

மாற்றிய பக்கத்தைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்ற முறையில் சேமிக்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பாடில் சேமிக்கும் பெட்டியின் அடியில் "ஆன்சி" என்று இருக்கும். கவனிக்காமல் அதிலேயே சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், மீட்கவும் முடியாது. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பாட் தானாகவே யூ.டி.எஃப்-8இல் சேமிக்கிறது. பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் பழைய கணினிகளும் இருக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

திரைக்கு வெளியே ஓடும் படம்

2007இல் ஐபோன் வந்தபோது, இணையப் பக்கங்கள் எல்லாம் பெரிய திரைக்காகவே கட்டப்பட்டிருந்தன. ஆகவே அதன் சஃபாரி உலாவி ஒரு தந்திரம் செய்தது. பக்கம் 980 புள்ளி அகலம் என்று தானே வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கிச் சின்னத் திரையில் காட்டியது. இன்றைய தொலைபேசிகளும் அநேகமாக அப்படியே செய்கின்றன. எழுத்து எறும்பாவது அதனால்தான். எழுத்தின் அளவைக் கூட்டுவது இதற்கு வைத்தியம் இல்லை. கூட்டினால் கணினியில் பூதமாகத் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதியில் "வியூபோர்ட்" என்ற ஒரு வரியைச் சேர்த்து, "அகலம் என்பது கருவியின் அகலமே" என்று சொல்லிவிட்டால், தொலைபேசி தன் உண்மையான அகலத்துக்கு, ஏறத்தாழ 360 புள்ளிக்கு, பக்கத்தைக் கட்டும்.

அப்படிச் சொன்னவுடன் அடுத்த கோளாறு தலைகாட்டும். 1200 புள்ளி அகலமுள்ள அபாயாப் படம் 360 புள்ளித் திரையில் எப்படி அடங்கும்? பக்கம் பக்கவாட்டில் ஓடும். பிள்ளைகள் உடனே படத்தின் அகலத்தை 300 என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் தங்கள் திரையை மட்டும் பார்த்துச் செய்கிற வேலைதான். சி.எஸ்.எஸ். என்ற தோற்ற விதிகளில் "மேக்ஸ்-விட்த்" நூறு சதவீதம், "ஹைட்" ஓட்டோ என்று இரண்டு விதிகள் போதும். படம் எந்தத் திரையிலும் தன் பெட்டியை மீறாது, நெளியவும் செய்யாது.

தோற்ற விதிகளைத் தனியே எழுதும் இந்த முறை, இணையத்தோடு பிறந்தது இல்லை. டிம் பேர்னர்ஸ்-லீ 1991இல் உலகுக்குத் திறந்துவிட்ட வலையில் அது கிடையாது. நோர்வேக்காரர் ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில்தான் அது தரமாக ஏற்கப்பட்டது. அதற்கிடையில் அழகு தேடியவர்கள், விலைப்பட்டியல் போடுவதற்கென்று இருந்த அட்டவணையைக் கொண்டு முழுப் பக்கத்தையும் கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி விட்டார்கள். பழைய குறிப்புகளில் அந்த முறை இன்னும் உலவுகிறது. பிள்ளையின் கொப்பியில் கண்டால், விலைப்பட்டியலுக்கு மட்டும் அட்டவணை என்று சொல்லிவிடுங்கள். இடைவெளிப் பொத்தானை இருபது தடவை தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளுவதும் இதே வகைதான். எச்.ரி.எம்.எல். எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகவே கணக்கெடுக்கும்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போய், இரண்டாவது கீழே விழுவது இன்னொரு பெரிய தலைவலி. தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது சட்டென்று பிடிபடும். 360 புள்ளித் திரையில் பாதி பாதியாக 180, 180 என்று இரண்டு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இரு பக்கமும் 10 புள்ளி இடம் விடுகிறோம். சி.எஸ்.எஸ். கணக்கில் அந்த 10 புள்ளி, 180க்கு மேலதிகம். ஆக ஒரு பெட்டி 200, இரண்டும் 400. துணி 360தான். இரண்டாவது கீழே விழாமல் என்ன செய்யும்? தையல் பிடிப்பையும் சேர்த்தே வெட்டுகிற மாதிரி, "பாக்ஸ்-சைசிங்" என்ற விதியில் "போர்டர்-பாக்ஸ்" என்று எழுதிவிட்டால், உள்ளிடமும் 180க்குள்ளேயே அடங்கும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இப்படித்தான் கணக்கிட்டது. தரத்துக்கு மாறானது என்று எல்லோரும் அதைத் திட்டினார்கள். இப்போது எல்லோரும் அந்தக் கணக்கையே கேட்டு வாங்கி எழுதுகிறோம்!

நம் தமிழுக்கென்று சில பார்வைகள் வேண்டும். ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கிறதென்று எழுத்துக்கிடையே இடம் விடும் விதியைத் தமிழுக்கும் போட்டால், கொம்பும் காலும் தனித்தனியே பிய்ந்து தெரியலாம். வரி உயரத்தைக் குறைத்தால் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு, அதற்குச் சற்று மேல் வைத்தால் நல்லது. நம் சொற்கள் நீளமானவை. "யாழ்ப்பாணத்திலிருந்து" என்ற ஒரே சொல்லைப் பெரிய தலைப்பாகப் போட்டால் சின்னத் தொலைபேசிக்குள் நிற்காது. தலைப்பின் அளவைக் குறையுங்கள். இரு ஓரமும் நேராக வரவேண்டும் என்று வரிகளை இழுத்துக் கட்டுவதும் அப்படியே. நீளச் சொல் அடுத்த வரிக்குப் போக, மிச்சமான இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மைதானமே கிடக்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

அரபி வரியும் தமிழ் வரியும்

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் பக்கங்களில் ஒரு துஆவோ ஆயத்தோ இல்லாமல் இருப்பது குறைவு. பள்ளிக்கூடப் பாடத்தில் இதைப் பெரிதாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

அரபி வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம். இரண்டும் கணினிக்குள் வாசிக்கும் வரிசையிலேயே பதிகின்றன. எதை எந்தப் பக்கம் நோக்கி ஓடவிடுவது என்பதைத் திரை தீர்மானிக்கிறது. எழுத்துகளில் அதற்குக் குழப்பம் இல்லை. அலிஃபைக் கண்டால் இடப்பக்கம் போகிறது, அகரத்தைக் கண்டால் வலப்பக்கம் போகிறது. முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி ஆகியவற்றுக்குத்தான் சொந்தத் திசை கிடையாது. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு போகும். தமிழ்ப் பக்கத்தில் ஓர் அரபி வரியை எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி பக்கத்தின் பொதுத் திசையைப் பிடித்துக்கொண்டு வலது கோடிக்கு ஓடிவிடும். அதாவது அரபி வாசிக்கிறவருக்கு வரி தொடங்குமுன்பே புள்ளி.

புள்ளி இடம் மாறினால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். இலக்கம் மாறினால்? ஆயத்துல் குர்ஸியை எழுதி, அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 2, இடைவெளி, முக்காற்புள்ளி, இடைவெளி, 255 என்று பிள்ளை தட்டுகிறது. அரபியை ஒட்டி வந்த இலக்கங்கள் அரபியின் ஓட்டத்தோடு சேர்ந்துகொள்ள, திரையில் 255 : 2 என்று தெரிகிறது. இருநூற்று ஐம்பத்தைந்தாம் அத்தியாயம்! குர்ஆனில் இருப்பதோ 114 சூராக்கள். இந்த இடத்தில் எண்கள் பெரிதாக இருப்பதால் பிழை வெளியே தெரிந்துவிடும். 3 : 26 என்பது 26 : 3 என்று புரண்டால் யாருக்கும் சந்தேகமே வராது. இரண்டு இடத்திலும் ஆயத்துகள் இருக்கின்றன. தேடிப் போகிறவர் வேறு ஆயத்தை எடுத்துக்கொண்டு வருவார்.

கண்ணுக்குப் பிழையாகத் தெரிகிறதே என்று இலக்கங்களைத் திருப்பிப் போட்டுத் தட்டுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. அந்த வரியை ஒருவர் எடுத்து வேறிடத்தில் தமிழுக்கு நடுவில் ஒட்டினால் பிழை அப்போது நிஜமாகவே வெளிப்படும். செய்யவேண்டியது இதுதான்: அரபியை மட்டும் "ஸ்பான்" அல்லது "பந்தி" என்ற தனிக் கூட்டுக்குள் அடைத்து, அந்தக் கூட்டுக்கு "டிர்" என்ற பண்பில் "ஆர்.ரி.எல்." என்று எழுதவேண்டும். வலமிருந்து இடம் என்பதன் சுருக்கம் அது. முற்றுப்புள்ளி அரபிக்கு உரியதானால் கூட்டுக்குள்ளே, தமிழ் வசனத்துக்கு உரியதானால் வெளியே. சூரா, ஆயத்து இலக்கம் கூட்டுக்கு வெளியே தமிழோடு நிற்கட்டும். இலக்கங்களுக்கு நடுவில் இடைவெளி விடாமல் 2:255 என்று நெருக்கியே எழுதினால் இன்னும் பாதுகாப்பு. அரபிக்கு எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டி, வரி உயரத்தையும் கூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வரியின் கஸ்ரும் அடுத்த வரியின் ஃபத்ஹும் மோதி, ஓதுகிறவரைத் தடுமாற வைக்கும்.

பிழையைத் தேடும் விதம்

அரபு மதரஸாவில் நஹ்வுப் பாடம் நடத்தும்போது, ஒரு சொல்லின் கடைசி ஹரகத் ஏன் இப்படி வந்தது என்று கேட்டால், அந்தச் சொல்லையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் உண்டு. விடை அநேகமாக முன்னால் வந்த ஆமிலில் இருக்கும். இணையப் பக்கமும் இந்த வகையில் நஹ்வைப் போன்றது. கீழே பாதிப் பக்கம் தடித்த எழுத்தாகிவிட்டதென்றால், மேலே எங்கோ தடித்த எழுத்தைத் தொடங்கிய குறியை மூடவில்லை என்று அர்த்தம். கோணல் தெரிகிற இடத்திலிருந்து மேல்நோக்கிப் போய்த் தேடச் சொல்லுங்கள். முதல் வரியில் "டாக்டைப்" என்ற அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அது இல்லாவிட்டால் உலாவி பழைய காலத்துக் கணக்கில் பக்கத்தைக் கட்டும்.

எந்தப் பெட்டி மீறுகிறது என்று தெரியவில்லையா? எல்லாப் பெட்டிக்கும் தற்காலிகமாகச் சிவப்பு "அவுட்லைன்" போட்டுப் பார்த்தால், திரையைத் தாண்டி நிற்பது எது என்று ஒரே பார்வையில் தெரியும். "போர்டர்" போடவேண்டாம். அதுவும் அகலத்தைக் கூட்டிக் குழப்பும். கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் ஒவ்வொரு பெட்டியின் அளவும் தெரியும். தொலைபேசி அகலத்தில் எப்படி இருக்கும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அதிலும் பிடிபடாவிட்டால் பக்கத்தின் ஒரு பிரதியை எடுத்து, பாதியை நீக்கிப் பார்க்கவேண்டும். கோளாறு போய்விட்டால் நீக்கிய பாதியில் இருக்கிறது, இருந்தால் மிச்சப் பாதியில். நாலைந்து தடவையில் ஒரு வரிக்கு வந்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யவேண்டும். ஐந்தைச் சேர்த்து மாற்றினால் எது வைத்தியம் எது நஞ்சு என்று தெரியாது. மாற்றியும் மாறவில்லை என்றால், சேமித்தாயா என்று முதலில் கேளுங்கள். பிறகு கன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். உலாவி பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் உண்டு.

எல்லாம் முடிந்து பக்கத்தை இணையத்தில் ஏற்றிய பிறகு, வீட்டில் இருப்பதிலேயே பழைய, மலிந்த தொலைபேசி எதுவோ அதில் ஒரு தடவை திறந்து பாருங்கள். நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். கணினியில் தெரிந்த படம் இங்கே தெரியாமல் வெறும் கட்டமாக நின்றால் பயப்படவேண்டாம். படத்தின் முகவரி வீட்டுக் கணினியின் சி டிரைவைச் சுட்டியிருக்கலாம். அல்லது கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்து, பக்கத்தில் அதைச் சிறிய எழுத்தாக எழுதியிருக்கலாம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுவதால் அங்கே அவை இரண்டு வேறு பெயர்கள். படங்களைப் பக்கம் இருக்கும் அதே கோப்புறைக்குள் வைத்து, பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் மாற்றிவிட்டு, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.